தலைக்கு வாடகை

அந்த வீட்டுக்காரம்மா அறைக்கு வாடகை வாங்குவதில்லை, தலைக்கு வாங்குவாள். தண்ணீர் லாரியில் வருகிறது, லாரிக்காரன் என்ன மாமனா மச்சானா என்பது அவள் நியாயம். பெரியவர்களுக்கு முழு வாடகை, பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்குப் பாதி.

கட்டிங் மாஸ்டர் மூன்றரைத் தலைகளோடு வந்து இறங்கினான்: தான், மனைவி, நாலு வயது மகள், அப்பா. இரண்டு நாள் ரயில். திங்கட்கிழமை ஆயத்த ஆடைக் கம்பெனியில் வேலைக்குச் சேர வேண்டும். அந்தச் சம்பளம் மூன்றரைத் தலையைத் தாங்காது. ஊரில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்து, அந்த முன்பணத்தில்தான் டிக்கெட் எடுத்திருந்தார்கள். அப்பாவை வைத்துக்கொள்ள முடியுமா என்று தங்கை புருஷனைக் கேட்டதற்கு, மடியில் இருந்த நாயைத் தடவிக்கொண்டே இடமே இல்லை என்றுவிட்டார். இந்தக் கதவு திறக்காவிட்டால் பெரியவருக்கு வேறு கதவு கிடையாது.

பெரியவர் முப்பது வருஷம் வெட்டுத்துணி விற்றவர். அப்பாவும் மகனும் சரக்கெடுக்க வந்தால் மொத்தக் கடைக்காரர்கள் நல்ல சரக்கை உள்ளே தள்ளிவிடுவார்கள். ஒருவர் துணியைப் பழிப்பார்; மற்றவர் அதில் ஓட்டையைக் கண்டுபிடிப்பார், இல்லாவிட்டால் போடுவார். வேண்டிய பொருளைப் பழித்துத்தான் வாங்க வேண்டும் என்பது அந்தக் குடும்பத்தின் வேதம். அன்றைக்குப் பொருள், அப்பா.

"இவரைப் போய் முழு ஆள்னு எப்படிம்மா சேர்ப்பீங்க?" என்று மகன் ஆரம்பித்தான். "சாப்பாடு ஒரு வேளைதான். குளியல் வாரத்துக்கு ரெண்டு தடவை. கண்ணு மங்கல், காது மந்தம். அரை ஆள்னு சொல்றதே அதிகம்."

காது மந்தமான பெரியவர் சரியான இடத்தில் இருமினார். தோளையும் கொஞ்சம் தொங்கவிட்டார். ரொம்ப நாள் கழித்து மகனோடு சேர்ந்து வியாபாரம் பண்ணுகிற சந்தோஷம் அவருக்கு.

வீட்டுக்காரம்மா முக்காலுக்கு இறங்கினாள். அதோடு முடித்திருக்கலாம். ஆனால் இறங்குகிறவளை மேலும் இறக்காமல் விடுவது அந்தக் குடும்பத்தில் பாவம்.

"முக்கால் குடுத்து என்னம்மா பண்றது? டாக்டரே ஆறு மாசம்னு சொல்லிட்டார்," என்றான் மகன். எந்த டாக்டரும் அப்படிச் சொன்னதில்லை.

அவள் முகம் மாறியது. போன வருஷம் மூன்றாம் மாடியில் ஒருவர் செத்துப்போனதையும், குறுகலான படியில் பிணத்தை நிமிர்த்திப் பிடித்து இறக்கியதையும், அப்புறம் எட்டு மாசம் அந்த அறையை ஓர் ஈகூட எட்டிப் பார்க்காததையும் சொன்னாள். இருக்கிறவர்களுக்குத்தான் இங்கே இடம், போகப் போகிறவர்களுக்கு இல்லை என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பெரியவர் துணி மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு நாலு மாடியும் ஏறினார். இறங்கி வந்து, மூச்சை உள்ளேயே அடக்கிக்கொண்டு சிரித்தார்.

"நல்லாத்தானே இருக்கார்," என்றாள் வீட்டுக்காரம்மா. "அப்ப முழுத் தலை. பைசா குறையாது."

மகன் முக்காலை நினைவுபடுத்தினான். அது சீக்காளிக்குச் சொன்ன விலை என்றாள். மருமகள் தரையைப் பார்த்தாள்.

பேரம் முட்டிக்கொண்டால் கடைசி ஆயுதம் ஒன்று உண்டு. வேண்டாம் என்று நடையைக் கட்ட வேண்டும். மூன்றாம் அடியில் கூப்பிடுவார்கள். திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் போச்சு. பெரியவர் மகனைப் பார்த்து லேசாகக் கண்ணடித்தார்.

"இந்த வீடு நமக்கு வேண்டாம்ப்பா, வா," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மூன்றடி. ஐந்தடி. வீட்டுக்காரம்மா கூப்பிடவில்லை, இந்த வித்தையில் அவளும் பழம் தின்று கொட்டை போட்டவள். மகனும் கூடவே போயிருக்க வேண்டும், அதுதான் முறை. அவன் காலை எடுக்கவில்லை. பெரியவரின் நடை மெதுவாகிக்கொண்டே போயிற்று. முதுகு மட்டும் காது கொடுத்துக்கொண்டிருந்தது. தெருமுனை வரைக்கும் அவர் திரும்பவில்லை. முப்பது வருஷப் பழக்கம்.

அவர் மறைந்ததும் மகன் வீட்டுக்காரம்மா பக்கம் நெருங்கி நின்றான்.

"அப்ப எங்க மூணு பேருக்கு மட்டும் போட்டுக்குங்கம்மா," என்றான். "பாப்பா ஒல்லிதானே, பாதிக்குப் பதிலா கால்வாசியா போடக் கூடாதா?"