ஐஸ்கிறீம் பெட்டியும் வடதுருவ மண்ணும்

ஞாயிறு பூசையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை, என் மனைவி ஜெசிக்காவின் தொலைபேசி அலறியது. அவள் வேலை செய்கிற ஆய்வுகூடத்தில் பெரிய பிறீசர் நின்றுபோய்விட்டதாம். கொதிக்கிற யூலை மாதத்தில், எங்கள் ஜேர்மன் நகரமான பீலெஃபெல்டே பூட்டிக் கிடக்கிற நாளாகப் பார்த்துத்தானே அது நிற்கும்!

ஓடிப்போனவள் கையில் ஒரு குளிர்ப்பெட்டியோடு திரும்பி வந்தாள். உள்ளே வடதுருவப் பக்கம் தோண்டி எடுத்த உறைமண்.

"அங்க மற்றப் பிறீசர் எல்லாம் நிரம்பிட்டுது. இது மட்டும் மிஞ்சிட்டுது. எங்கட பிறீசரில வைக்கட்டோ?"

"மண்ணையோ? சாப்பாடு வைக்கிற இடத்திலயோ?" எனக்குக் கோபம் மூக்குநுனியில்.

"இஞ்சருங்கோ, இது ஆயிரக்கணக்கான வருசம் உறைஞ்சு கிடந்தது. செத்த புல்லு, வேர் எல்லாம் உக்காமல் அப்பிடியே இருக்கு. உருகினால் கிருமியள் எழும்பித் தின்னத் தொடங்கிடும். எல்லாம் காத்தாப் போயிடும். என்ர மூண்டு வருச வேலையும்தான்."

முணுமுணுத்துக்கொண்டே பிறீசரைத் திறந்தேன். முழுக்க ஐஸ்கிறீம் பெட்டிகள். ஒன்றிலாவது ஐஸ்கிறீம் இருக்குமா? எந்தத் தமிழ் வீட்டில் இருந்திருக்கிறது! மீனையும் இறைச்சியையும் எடுத்து வெளியே வைத்தேன். இன்னும் இடம் போதவில்லை. அடித்தட்டில் அந்த நீலப் பெட்டி இருந்தது.

டொறத்தி அக்காவின் கூழ். என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டு எடுத்தவர். போன வருசம் ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று காலையில் காய்ச்சி வைத்தார். "றொனால்ட், நான் வரும்வரைக்கும் சாப்பிடடா" என்றார். அவர் வரவில்லை. அந்தப் பெட்டியைத் தொட யாரையும் நான் விடவில்லை.

ஜெசிக்கா அதைப் பார்த்தாள். கார்த் திறப்பை எடுத்தாள்.

"என்னோட வேலை செய்யிற அன்னா வீட்டில கேட்டுப் பாக்கிறன்."

"அங்க போகுமட்டும் உருகாமல் தாங்குமோ?"

"தெரியேல்ல."

குளிர்ப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. நீலப் பெட்டியை வெளியே எடுத்தேன்.

"கொண்டா உன்ர மண்ணை!"

உருகிய கூழை அடுப்பில் ஏற்றினேன். அது கொதித்தபோது பனங்கிழங்கு ஒடியல் மணமும் நண்டு மணமும் வீடு முழுக்க எழும்பின. அக்கா குசினிக்குள் நிற்கிற மாதிரியே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மிளகாய் ஆவி கண்ணில் பட்டுவிட்டது என்று பொய் சொன்னேன். ஜெசிக்கா என் முதுகைத் தடவிவிட்டாள்.

வாயில் வைத்தேன். உப்புக் காணாது. அக்காவின் கைக்கு உப்பு எப்போதும் குறைவுதான். அதற்காக எத்தனை சண்டை பிடித்திருப்பேன்!

ஜெசிக்கா உப்புப் போத்தலை என் பக்கம் தள்ளினாள்.

"வேண்டாம்," என்றேன். "அக்கா வச்சபடியே இருக்கட்டும்."