மாத்திரை டப்பா எந்தத் தட்டில் இருந்தது?

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. நூலகத்தின் மாடிப்படியில் ஒரு பெண்மணி என்னை நிறுத்திவைத்துத் திட்டினார். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுதுகிறவனுக்கு மானம் ரோஷம் எல்லாம் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

திட்டியவர் என் நாவலுக்கு மெய்ப்புத் திருத்தியவர். அச்சகத்தில் எல்லோரும் அவரை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஒரு நாளும் வகுப்பு எடுத்ததில்லை. சிவப்புப் பேனா வைத்திருப்பதால் வந்த பெயர்.

நாவலைப் பற்றி இரண்டு வரி சொன்னால்தான் மேலே போக முடியும். ஒருத்தியின் வீட்டில் பொருட்கள் இடம் மாறுகின்றன. கணவன் வேண்டுமென்றே மாற்றி வைக்கிறானா, இல்லை, அவளுக்குத்தான் புத்தி பிசகுகிறதா? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு முந்நூற்றிருபது பக்கம் ஓட்டியிருக்கிறேன். (பின்னட்டையில் ‘உளவியல் திகில்’ என்று போட்டார்கள். எனக்குக் கொஞ்சம் கூச்சம், நிறையச் சந்தோஷம்.)

இனி இந்தக் கதையின் தொடக்கம்:

‘மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில் அவர்…’ இல்லை. அன்றைக்கு நல்ல வெயில்.

‘உண்மை என்பது எப்போதுமே…’ வேண்டாம். டீச்சர் கோடு போட்டு அடித்துவிடுவார்.

‘டீச்சர் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார்.’ இது பரவாயில்லை.

2

டீச்சர் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். முதல் மெய்ப்பை வேறொருவர் பார்ப்பார். அச்சுக்குப் போகும் முன் வரும் கடைசி மெய்ப்பு டீச்சருடையது. அதை முடிவிலிருந்து தொடக்கத்துக்கு, ஒவ்வொரு பக்கமாகப் பின்னோக்கிப் படிப்பார். “கதை நல்லா இருந்தா கண்ணு ஓடிடும் சார். ஓடற கண்ணுக்குப் பிழை தெரியாது” என்பார். இருபத்திரண்டு வருடமாக இதே முறைதான். அவர் படித்த நாவல்களில் எல்லோரும் முதலில் செத்துப்போய், பிறகு சண்டை போட்டு, காதலித்து, கடைசியில் ஒருவருக்கொருவர் அறிமுகமாகிறார்கள்.

என் நாவலிலும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தார். நூற்றெண்பத்தேழாம் பக்கத்தில் ஒரு வரி: ‘எப்போதும் போல மேல் தட்டில் இருந்த மாத்திரை டப்பாவை அவள் வெறித்துப் பார்த்தாள்.’ இரண்டு மணி நேரம் கழித்து நாற்பத்தொன்றாம் பக்கத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே: ‘மாத்திரை டப்பாவைக் கீழ்த் தட்டில் வைத்து அலமாரியைச் சாத்தினாள்.’

எழுத்தாளர் மறந்துவிட்டார் என்று டீச்சர் நினைத்தார். இது அவருக்குப் புதிதல்ல.* என்னைக் கேட்டுவிடலாம் என்று மூன்று முறை போன் செய்தார். நான் எடுக்கவில்லை. (ஏதோ பெரிய சிந்தனையில் இருந்தேன் என்று எழுதத்தான் ஆசை. மதியத் தூக்கம்.) ‘கீழ்’ என்பதை அடித்து ‘மேல்’ என்று எழுதிவிட்டார்.

* என் முந்தைய நாவலில் ஒருவனுக்கு மூன்றாம் அத்தியாயத்தில் அண்ணனாக இருந்தவர் ஒன்பதாம் அத்தியாயத்தில் தம்பியாகிவிட்டாராம். டீச்சர் சத்தமில்லாமல் மறுபடி அண்ணனாக்கினார். எனக்கு இந்த மாதம்தான் தெரியும்.

அன்றைக்கு அவசரம், டீச்சர் முடிக்கும் முன்பே முன்பக்கங்களை ஓட்டத் தொடங்கியிருந்தார்கள். திருத்தம் கீழே இயந்திரத்துக்குப் போவதற்குள், அந்தப் பக்கத்தோடு பதினாறு பக்கங்களை ஒன்றாக அடிக்கும் தாள் பாதிக்குப் பாதி அச்சாகிவிட்டது. டீச்சர் மூச்சிரைக்கப் படியிறங்கி ஓடி நிறுத்தச் சொன்னார். மீதிக்கு அச்சுத் தகட்டை மாற்றினார்கள். ஏற்கெனவே அடித்ததைக் கழிக்கச் சொன்னதற்கு அச்சக உரிமையாளர் கையெடுத்துக் கும்பிட்டார்.

“ஒரு வார்த்தைக்காக அவ்வளவையும் தூக்கிப் போடச் சொல்றீங்களா டீச்சர்? எவன் பாக்கப் போறான்?”

இரண்டையும் கலந்தே கட்டினார்கள். ஆக, என் நாவலின் முதல் பதிப்பில் பாதிப் பிரதிகளில் டப்பா கீழ்த் தட்டில் இருக்கிறது, பாதியில் மேல் தட்டில் இருக்கிறது. இது டீச்சருக்குத் தெரியும், உரிமையாளருக்குத் தெரியும். உரிமையாளர் மறுநாளே மறந்துவிட்டார்.

3

இப்போது வாசகர்களைப் பாருங்கள்.

கீழ்த் தட்டுப் பிரதி கிடைத்தவர்களுக்கு விஷயம் பட்டவர்த்தனம். அவள் கீழே வைத்தது மேலே போயிருக்கிறது, யாரோ மாற்றியிருக்கிறார்கள், வீட்டில் இருப்பது இரண்டே பேர். மேல் தட்டுப் பிரதி கிடைத்தவர்களுக்கும் பட்டவர்த்தனம். அவள் வைத்த இடத்திலேயே டப்பா இருக்கிறது, அதைப் போய் வெறித்துப் பார்க்கிறாள் என்றால் பாவம் அந்தக் கணவன். எனக்கு வந்த கடிதங்களில் பாதி அவனைத் தூக்கில் போடச் சொன்னது, பாதி அவனுக்குக் கோயில் கட்டச் சொன்னது. ஒரு விமர்சகர் ‘தராசு முள்ளை நடுவில் நிறுத்திய கை’ என்று என் கையைப் பாராட்டினார். நான் அந்தக் கையால் அதை வெட்டி ஒட்டிவைத்தேன்.

நூலக மாடியில் வாசகர் கூட்டம். முப்பது பேர் வந்திருந்தார்கள். மருந்துக்கடைக்கார அம்மா ஆரம்பித்தார்.

“அவன்தான் மாத்தி வைக்கிறான். இதுல பேச என்ன இருக்கு?”

கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர் எழுந்தார். தினமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்காரும் தொழில், அதனால் குரல் எப்போதும் உச்சத்தில்தான் இருக்கும்.

“அந்தம்மா வெச்ச எடத்துலயேதாங்க டப்பா இருக்கு! அதுக்கு அந்தாளு என்ன பண்ணுவான்?”

“வெச்ச எடத்துல எங்க இருக்கு? புத்தகத்தை ஒழுங்காப் படிங்க.”

“நீங்க படிங்க!”

ஒரே வண்டியில் வந்த கணவன் மனைவி ஆளுக்கொரு நாற்காலி வரிசைக்கு மாறிவிட்டார்கள். நான் மேடையில் உட்கார்ந்து, எல்லாம் அறிந்தவன் போலப் புன்னகைத்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு இன்பமான மாலை இன்னொன்று இல்லை.

“சரி, நாப்பத்தொண்ணாம் பக்கத்தை எடுங்க. ரெண்டு பேரும் சத்தமாப் படிப்போம்” என்றார் மருந்துக்கடைக்கார அம்மா.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. “டீ வந்தாச்சு! சூடு ஆறிடும், சீக்கிரம் வாங்க!”

முப்பது பேரும் எழுந்து ஓடினார்கள். டீ வரவில்லை. வருவதாகவும் இல்லை. கத்தியவர் டீச்சர்.

4

படிக்கட்டில் என்னை மடக்கி, மேலே இரண்டாம் பகுதியில் நீங்கள் படித்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னார். என் புன்னகை ஒவ்வொரு படியாக இறங்கியது.

“சார், ஒரே ஒரு கேள்வி. நான் அடிச்ச வார்த்தை நீங்க வேணும்னே வெச்சதா?”

எழுத்தாளன் என்பவன்… (இந்த வாக்கியத்தை விட்டுவிடுகிறேன்.) அவரிடம் நான் உண்மையில் சொன்னது இது: “பிரதியில ஒரு மௌனம் இருக்கு டீச்சர். அதை வாசகர்தான்…”

“மேடையில பேசற மாதிரி பேசாதீங்க. மறந்துட்டீங்களா, இல்லையா?”

“மறந்துட்டேன்.”

“அப்ப நான் திருத்தினது சரி.”

“சரிதான்.”

ஒரு நொடி அவர் முகம் மலர்ந்தது. இருபத்திரண்டு வருடத் தொழில் காப்பாற்றப்பட்ட நிம்மதி. அடுத்த நொடியே சுருங்கிவிட்டது.

“அப்படின்னா உங்க கதையில அவளுக்குத்தான் புத்தி சரியில்லையா?”

“அதுவும் அப்படியில்ல. எனக்குத் தெரியாது.”

“முந்நூத்தி இருபது பக்கம் எழுதியிருக்கீங்க. அவ வீட்ல என்ன நடக்குதுன்னு உங்களுக்கே தெரியாதா?”

“தெரியாது டீச்சர்.”

அப்போதுதான் திட்டினார். அதை எழுத மாட்டேன். சொற்கள் கண்ணியமானவைதான். தகுதியானவையும்கூட. அதனால்தான் எழுதவில்லை.

5

டீச்சருக்கு ஒரு தங்கை. ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை. ஒரு வருடமாக வீட்டில் பொருட்கள் இடம் மாறுகின்றன என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கூடு, அலமாரிச் சாவி, அடைத்துவிட்டு வந்த எரிவாயுக் குமிழ். அவள் கணவர் “நீதான் மறக்கிறே, உனக்கு எதுக்கு வேலையெல்லாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் நாவல் வெளிவந்ததும் ஒரு பிரதி வாங்கிவந்து, “படி, உன்னை மாதிரியே ஒருத்தி” என்று கொடுத்தார்.

மேல் தட்டுப் பிரதி.

(இந்தக் கணவரை எப்படி எழுதுவது என்று மூன்று நாள் முழித்தேன். கொடுமைக்காரராக எழுதினால் ஒரு கட்சிக்குக் கொண்டாட்டம், அக்கறையுள்ளவராக எழுதினால் இன்னொரு கட்சிக்கு. நான் அவரைப் பார்த்ததே இல்லை. அவர் சொன்ன இரண்டு வாக்கியங்கள் மட்டும் என்னிடம் உள்ளன, அவற்றை அப்படியே வைத்துவிட்டேன்.)

கூட்டத்துக்கு முந்தின நாள் தங்கை போன் செய்தாளாம். குரலில் ஒரு அமைதி. “அக்கா, புத்தகம் படிச்சு முடிச்சேன். நான் உன்னைப் போட்டுப் படுத்தினதுக்கெல்லாம் மன்னிச்சுடு. எல்லாம் என் மனசுதான். அவர் சொன்னதுதான் சரி. திங்கக்கிழமை வேலையை விடறேன்.”

தன் சிவப்புப் பேனா ஒரு சொல்லை மாற்றியது, அது தன் தங்கையின் வேலையைப் பிடுங்கப் போகிறது. டீச்சருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் கூட்டத்துக்கு வந்தார், அதனால்தான் என்னைக் கேட்டார். நானோ அவரிடம் மௌனம் பற்றிப் பேசினேன். இப்போது எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

6

சனிக்கிழமை மதியம். டீச்சர் பையில் இரண்டு பிரதிகளோடு தங்கை வேலை பார்க்கும் பல் மருத்துவமனைக்குப் போனார். (இந்த இடத்தை முதலில் கண்ணீரும் கம்பலையுமாக எழுதியிருந்தேன். மெய்ப்பின் ஓரத்தில் டீச்சர், ‘என் தங்கச்சி அழமாட்டா’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார்.)

சாப்பாட்டு நேரம் என்பதால் நோயாளிகள் இல்லை. மருந்து நெடியும் மின்விசிறிச் சத்தமும்தான். தங்கை போனில் இருந்தாள். “கீழ் வரிசை கடைவாய்ப் பல்லுதானே? இடது பக்கம். வியாழன் நாலரைக்கு வாங்க. போன தடவை மாதிரி சாப்பிடாம வராதீங்க.” பதிவேடு மூடியபடியே இருந்தது. வைத்ததும் இன்னொரு அழைப்பு. அதற்கும் பதிவேட்டைத் திறக்கவில்லை. டீச்சர் வாசலிலேயே நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு இரண்டு பிரதிகளையும் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் விரித்து மேசைமேல் வைத்து, நடந்ததைச் சொன்னார். தங்கை இரண்டையும் படித்தாள். சிரித்துவிட்டாள்.

“இதுக்காகவா ரெண்டு பஸ் மாறி வந்தே?”

“நான் மாத்தின வார்த்தைடீ. அதை நம்பி நீ வேலையை விடாதே.”

“அக்கா, கீழ்த் தட்டோ மேல் தட்டோ விடு. ரெண்டு புத்தகத்துலயும் அவ அவங்க அண்ணனுக்குப் போன் பண்றா. ஒரு தடவை வந்து பாருன்னு கெஞ்சறா. ரெண்டுலயும் அவன் வரல.”

டீச்சர் பிரதிகளை மூடினார். தங்கை நிறுத்தவில்லை.

“நானும் ஒரு வருஷமா உன்கிட்டச் சொல்லிட்டிருக்கேன். நீ என்ன சொன்னே? நல்லாத் தூங்கு, சரியாயிடும்னே.”

 டீச்சர் நாவலைப் பின்னாலிருந்து படித்தவர். அந்த அண்ணன் வருகிற பக்கங்களில் மூன்று ஒற்றுப்பிழையைப் பிடித்தது நினைவிருந்தது, அவன் வராமல் போனது மனதில் பதியவே இல்லை. (அதை எழுதிய எனக்கும் அது பெரிதாகப் படவில்லை. கதை நகர வேண்டும், அண்ணன் வந்தால் நகராது, அதனால் வரவில்லை.) தங்கைமுன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

“கடிதம் எழுதிட்டியா?”

“பையில இருக்கு.”

“குடு.”

வாங்கிப் படித்தார். கை பழக்கத்தில் பேனாவைத் தேடியது. ராஜினாமாக் கடிதம் ஒரு பக்கம், தேதி சரி, முகவரி சரி, ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. மடித்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

“திங்கக்கிழமை இதைக் குடுக்கக் கூடாது. நான் வந்து பத்து நாள் உன்கூட இருக்கேன்.”

“அவர் என்ன சொல்வாரோ.”

“என் தங்கச்சி வீட்டுக்கு நான் வர்றதுக்கு மாப்பிள்ளைகிட்ட மெய்ப்புக் காட்டி ஒப்புதல் வாங்கணுமா?”

7

போனார். பத்து நாள் இருந்தார். பார்த்தார். திரும்பி வந்து என்னிடம் சொன்னார்.

அதை எழுதினேன். நான் கேட்டது ஒரு முடிவு. கேட்டதை மாற்றி ஒரு முடிவு. யாருக்கும் நோகாமல், வீட்டில் ஒரு பூனை இருந்ததாக மூன்றாவது முடிவு. (பூனையை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.) மூன்றையும் டீச்சருக்கு அனுப்பினேன். மூன்றும் சிவப்புக் கோட்டோடு திரும்பி வந்தன.

“அங்க என்ன பாத்தேன்னு என் தங்கச்சிக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஏதோ நம்பி உங்ககிட்டயும் சொன்னேன். அது அவ வீடு சார். அச்சுல வர வேண்டாம்.”

“வாசகர்கள் என்னை அடிப்பாங்க டீச்சர். பாதிப் பேர் அவரு மாத்தி வெச்சாருன்னு சொல்வாங்க, பாதிப் பேர்…”

“சொல்லட்டும். உங்களுக்குத்தான் அது பிடிக்குமே.”

“அப்ப எங்கதான் முடிக்கறது?”

கொஞ்சம் யோசித்தார். “நான் பஸ் ஏறின எடத்துல முடிங்க. அப்ப எனக்கும் ஒண்ணும் தெரியாது.”

சரி. ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி, அடிக்கிற வெயில். டீச்சர் இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாகப் பத்து நாள் சேர்ந்தாற்போல விடுப்புச் சொல்லியிருந்தார். சூட்கேஸ் கனம், பிடி வேறு ஆடியது. மாற்றிவைப்பது மாப்பிள்ளை என்றால் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது? தங்கைதான் மறக்கிறாள் என்றால் அவளிடம் எப்படிச் சொல்வது?  பயமாக இருந்தது. ஜன்னலோர இருக்கை கிடைத்தது, சூட்கேஸைக் காலுக்கடியில் தள்ளி உட்கார்ந்தார். போன் அடித்தது.

“அக்கா, நிஜமாவே வர்றியா?”

“ஏறிட்டேன்” என்றார்.