மிச்சம் வந்த ஒரு பின்

தையற்காரருக்கு உலகத்தில் இரண்டு பேர்மேல் உயிர். ஒன்று அவர் மனைவி, இன்னொன்று இரண்டே பேர் உட்காரக்கூடிய அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். கொடுமை என்னவென்றால், முதல் ஆள் இரண்டாவதில் ஏற மாட்டேன் என்று எட்டு மாதமாக அடம்பிடித்தாள்.

அவள் பக்கம் நியாயம் இருந்தது. எட்டு மாதத்துக்கு முன், மேடு பள்ளத்தில் இறங்கும்போது முன்சக்கரத்தில் 'டொக்' என்று சத்தம் வந்தது. என்ன அது என்று கேட்டாள். பழைய வண்டி முனகத்தான் செய்யும் என்று இவர் மழுப்பிவிட்டார். சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்ட் தேய்ந்துவிட்டது, விட்டுப்போனால் சக்கரமே சாய்ந்துவிடும் என்று மெக்கானிக் முன்பே எச்சரித்திருந்த விஷயம் அப்புறம்தான் அவள் காதுக்கு வந்தது. அவளோ ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். வயிற்றைத் தைத்து மூடுமுன் கத்தி, கத்தரி, பஞ்சு எல்லாவற்றையும் எண்ணி, சரியாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுவது அவள் வேலை. அப்படிப்பட்டவளிடம் போய் மழுப்பலாமா, மனுஷன்? அவள் சண்டைகூடப் போடவில்லை. மறுநாளிலிருந்து பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். பக்கத்து சீட் காலியாகவே ஓடியது இவரைப் போட்டுக் குடைந்தது.

கடைசியில், என் கையாலேயே மாற்றுகிறேன், அதற்கப்புறமாவது ஏறுவாயா என்று கெஞ்சினார். முதலில் மாற்றுங்கள், பார்க்கலாம் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வீட்டு வாசலில் வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, முன்சக்கரம் இரண்டையும் கழற்றிவிட்டார். நட்டு கழன்றது. ஜாயிண்டுதான் வருவேனா என்றது. எண்ணெய் அடித்து, சுத்தியலால் பக்கவாட்டில் தட்டித் தட்டி, தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்த நேரத்தில் 'டப்' என்று விட்டது. கிண்ணத்துக்குள் உருண்டை லொடலொடவென்று ஆடியது. சமையலறை ஜன்னலில் காட்டினார். தேய்ந்த இடுப்பு மூட்டும் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு அவள் வெங்காயத்துக்குத் திரும்பினாள்.

புதியதைப் பொருத்தி, நட்டை முறுக்கி, அது சுழன்றுவிடாமல் குறுக்கே ஸ்ப்ளிட் பின் என்ற இரட்டைக்கால் கம்பி ஒன்றைச் செருகி, அதன் காலை மடக்கிவிட வேண்டும். பக்கத்துக்கு ஒரு பின். நடுவில் ஒரு வாடிக்கையாளர் போன் செய்து, கோட்டுக் கை நீளம் என்று கால் மணி நேரம் பிடுங்கி எடுத்தார். எப்படியோ நாலு மணிக்குச் சக்கரங்களை மாட்டி, வண்டியை இறக்கிவிட்டார். ஏரி வரை போய்வரலாம் என்று அவளே சொன்னாள். நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து வீட்டுக் கதவைப் பூட்டினாள். தையற்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் சாமான் வந்த அட்டைப்பெட்டியின் மூலையில் அது பளபளத்தது. ஒரு ஸ்ப்ளிட் பின்.

எதை வாங்கினாலும் ஒன்று கூடப் போடச் சொல்லி வாங்குவது அவர் பழக்கம். தைக்கும் ஒவ்வொரு சட்டையிலும் உள்பக்கம் ஒரு உபரிப் பொத்தான் வைப்பவர் அல்லவா. அன்றும் மூன்று பின் கேட்டு வாங்கினாரா? கேட்ட மாதிரிதான் இருந்தது. ஆனால் அந்த போன் வந்தபோது கையில் என்ன இருந்தது? ஞாபகமே இல்லை. பின்னை உள்ளங்கையில் மூடினார். சொன்னால் எட்டு மாதம் காத்திருந்தது மண்ணாய்ப் போகும். சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது? இவருக்குத் தெரியுமே.

கையை விரித்து நீட்டினார். "ஒரு பின் மிச்சம் இருக்கு. கூட வாங்கினதா, மாட்ட மறந்ததான்னு எனக்கே தெரியல."

அவள் பின்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பூட்டைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று தையற்காரர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

பழைய நைட்டியும் கையில் டார்ச்சுமாக அவள் திரும்பி வந்தாள்.

"எந்தப் பக்கம்?"

"அதுவும் தெரியல."

"அப்ப ரெண்டையும் கழட்டுங்க."

கழற்றினார். வலது பக்கம் பின் இருந்தது. இடது பக்கம் அவளே குனிந்து, கிரீஸை விரலால் வழித்துவிட்டுப் பார்த்தாள். அங்கேயும் காலை மடக்கிக்கொண்டு ஒரு பின் இருந்தது. "ரெண்டு. சரியா இருக்கு," என்றாள் தியேட்டர் குரலில்.

தையற்காரருக்கு மானம் போயிற்று. ஒன்றுமில்லாததற்கு நல்ல சாயங்காலத்தைக் கெடுத்துவிட்டேனே என்று புலம்பிக்கொண்டே சக்கரங்களை மறுபடி மாட்டி முறுக்கினார்.

"வண்டி சத்தம் போட்டா சரி பண்ணிக்கலாங்க. நீங்க மறைச்சீங்களே, அதுக்குத்தான் நான் ஏறல," என்றாள் அவள். "இன்னைக்கு மறைக்கல."

சொல்லிவிட்டு, கிரீஸ் கையோடு கார் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். நைட்டியோடா என்று இவர் வாயைப் பிளந்தார். ஏரிக்கு எது உடுத்தினாலும் ஒன்றுதான், எடுங்கள் என்றாள்.

தெருமுனை வரைக்கும் அவர் பச்சைக் குழந்தையை ஏந்திப் போவதுபோல உருட்டிக்கொண்டு போனார். ஒரு சைக்கிள் முந்திக்கொண்டு போயிற்று.

அவள் சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். "கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன்."