இருநூற்றுப் பதினேழு ஆபத்துகள்

புதன்கிழமை மாலை நாலு பத்துக்கு ஜாக்கிரதை அந்தப் பச்சைப் பொத்தானை அழுத்தினார். 'உங்கள் கணினியில் 217 ஆபத்துகள் உள்ளன, உடனே இலவசமாகச் சுத்தம் செய்க' என்று திரையில் ஒரு பெட்டி துள்ளிக்கொண்டிருந்தது. இருநூறு என்று போட்டிருந்தால் சத்தியமாக நம்பியிருக்க மாட்டார். இருபத்தைந்து வருடமாகத் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி, தீயணைப்பு உருளைகளை எண்ணியே தலை நரைத்தவர். முழு எண்ணாகச் சொல்கிறவன் குத்துமதிப்பாகப் புளுகுகிறான், சில்லறையோடு சொல்கிறவன்தான் உட்கார்ந்து எண்ணியிருக்கிறான் என்பது அவருடைய சித்தாந்தம். எண்ணிய புண்ணியவான் மேல் ஒரு மரியாதை வந்து அழுத்திவிட்டார்.

ஜாக்கிரதை என்பது தொழிற்சாலையில் வைத்த பட்டப்பெயர். அவர்கள் கிண்டலுக்கு வைத்தார்கள், இவர் விருதாக வாங்கிக்கொண்டார். வீட்டில் ஒவ்வோர் அறையின் மாற்றுச் சாவியும் ஹாலில் ஒரு பலகையில் தொங்கும், கொக்கிக்குக் கீழே இவர் கையெழுத்தில் பெயரோடு. தீப்பிடித்தால் எந்தக் கதவையும் ஒரே நிமிடத்தில் திறக்க வேண்டுமே. அப்படிப்பட்டவர் மூன்று வாரமாகக் கம்ப்யூட்டருக்கு ஆன்டிவைரஸ் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். சார்ட் அட்டையில் கட்டம் போட்டு ஏழு பெயர், ஒவ்வொன்றுக்கும் வேகம், ஆயுள், வாங்கினவர்கள் சொன்ன குறை. பழையது காலாவதியானதுமே அதை நீக்கியாயிற்று. கம்ப்யூட்டரோடு சும்மா வருவதை நம்பக் கூடாது என்று அதையும் நிறுத்தி வைத்திருந்தார். கதவைக் கழற்றிப் போட்டுவிட்டு எந்தப் பூட்டு உசத்தி என்று கடை கடையாக விசாரிக்கிற கதைதான், ஆனால் அவரிடம் யார் சொல்வது?

அந்தக் கம்ப்யூட்டரில்தான் அவருடைய தங்கையின் புத்தகம் இருந்தது. கணக்கு டீச்சராக இருந்தவள். பள்ளிக்கூடத்தை மூடிய பிறகு அண்ணன் வீட்டுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. சமையல் அவள், துவையல் அவள், கம்ப்யூட்டரில் தினம் இரண்டு மணி நேரம் அவளுக்கு என்று சுவரில் அட்டவணையும் உண்டு. அந்த இரண்டு மணி நேரத்தில், கணக்கென்றால் பயந்து ஓடுகிற குழந்தைகளுக்காக ஆயிரத்து நூறு கணக்குகள் எழுதினாள், ஒவ்வொன்றுக்கும் படம் அவளே வரைந்து. ஒரு பதிப்பகத்துக்குப் பிடித்துப்போனது. வெள்ளிக்கிழமைக்குள் முழுசாக வந்தால் புத்தகமும் உண்டு, வேறு ஊரில் அவர்கள் அலுவலகத்தில் வேலையும் தங்க அறையும் உண்டு. தவறினால் வரிசையில் அடுத்த ஆள் இருக்கிறார் என்று எழுதியிருந்தார்கள். எழுதியவரை மெயிலில் அனுப்பி வைத்துவிடலாம் என்று அவள் சொன்னதற்கு, நடுவழியில் எவனாவது சுருட்டிவிடுவான், முடித்த பிறகு ஒரேயடியாக நேரில் கொண்டுபோய்க் கொடு என்று தடுத்தவரும் இவர்தான்.

நாலு பதினைந்துக்கு ஒவ்வொரு கோப்பாகப் பெயர் மாறியது. நாலரைக்குத் திரை முழுக்கச் சிவப்பு. எல்லாவற்றையும் பூட்டிவிட்டோம், பணம் கட்டு என்று ஓர் அறிவிப்பு. மனைவிக்குக் கண் பரிசோதனை, துணைக்குத் தங்கையும் போயிருந்தாள். வீட்டில் ஈ காக்கை இல்லை. பேயறைந்தது போல் உட்கார்ந்திருந்தவருக்குச் சட்டென்று நினைவு வந்தது. தங்கை எல்லாவற்றையும் ஒரு சின்ன டிஸ்க்கில் நகலெடுத்துத் தன் அறை அலமாரியில் வைப்பாள். அதுவாவது நல்லபடியாக இருக்கிறதா? பலகையிலிருந்து சாவியை எடுத்தார், அறையைத் திறந்தார், டிஸ்க்கைக் கொண்டுவந்து, பத்திரமாக இருக்கிறதா என்று சோதிக்க, அதே கம்ப்யூட்டரில் சொருகினார்.

வேலை செய்கிறதா பார்க்கிறேன் என்று தீயணைப்பு உருளையை அழுத்திக் காலி செய்த ஒருவனைப் போன வருடம்தான் இவர் ஒரு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார். அவன் முகம் இப்போது ஞாபகத்துக்கு வந்தது. நாலு நாற்பதுக்கு டிஸ்க்கிலும் எல்லாம் முடிந்தது. துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துப் பூட்டினார்.

அவர்கள் வரும்வரை எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தார். சொல்லத்தான் நினைத்தார், அது உண்மை. ஆனால் தங்கை சிவப்புத் திரையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றபோது அவர் வாயில் வந்தது வேறு.

"நீ ஏதாவது மெயில் திறந்தியா?"

அவள் யோசித்தாள். "காலைல பதிப்பகத்துலேருந்து ஒண்ணு வந்துச்சு. தேதி ஞாபகப்படுத்தி. அதைத் திறந்தேன். அதுவா இருக்குமோ அண்ணா?"

ஆடு தானாக வந்து தலையை நீட்டுகிறது. "எத்தனை தடவ சொல்லியிருக்கேன்," என்றார்.

"உன் கம்ப்யூட்டரையும் கெடுத்துட்டேனே," என்று அவள் அழுதாள். அடுத்த நிமிடமே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "டிஸ்க் இருக்கு. அதுல எல்லாம் இருக்கு. இப்பவே போட்டுப் பாக்கறேன்."

"வேண்டாம்," என்றார் ஜாக்கிரதை. "வைரஸ் இருக்கற மெஷின்ல அதைச் சொருகினா அதுவும் போயிடும். காலைல மெக்கானிக் வரட்டும்."

எவ்வளவு சரியான அறிவுரை! ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இவருக்கே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?

"நல்லவேளை நீ இருந்தே அண்ணா. நான் பாட்டுக்குச் சொருகியிருப்பேன்," என்று சொல்லி அவருக்கு டீ போடப் போனாள். பாத்திரம் கழுவும்போது முணுமுணுப்பாக ஒரு பாட்டு வேறு. திருடனுக்குத் தேள் கொட்டியது போல டீயைக் குடித்து முடித்தார். அந்த டீ நன்றாக இருந்தது. இனி எங்கேயும் போக மாட்டாள் என்ற நினைப்பு உள்ளே ஒரு மூலையில் இதமாகப் பரவியதை அவர் உணர்ந்தார். வெட்கப்பட்டார். ஆனாலும் அது இதமாகத்தான் இருந்தது.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்காவது தாங்கும். இவருடையது விடிந்து ஒன்பது மணிவரை தாங்கியது. வந்த மெக்கானிக் பருத்த உடம்புக்காரர், உட்காரும்போதே பெருமூச்சு விடுகிறவர். கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் நோண்டிப் பார்த்துவிட்டு, டிஸ்க்கைத் தன்னுடைய லேப்டாப்பில் சொருகினார். தங்கை அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள், கையில் பதிப்பகத்து விலாசம் எழுதிய உறை.

"இதுவும் பூட்டியிருக்கும்மா," என்றார் மெக்கானிக்.

"இருக்காதுங்க. அதை யாரும் தொடலை."

"நேரம் காட்டுதே. நேத்து நாலு பத்துக்கு ஏதோ இலவச ஆன்டிவைரஸ்னு ஒண்ணை இறக்கியிருக்கீங்க. அது போலி. மெயில்லேருந்து வந்தது இல்ல இது, யாரோ உக்காந்து அழுத்தியிருக்காங்க. டிஸ்க்குல இருக்கறது நாலு நாப்பதுக்குப் பூட்டியிருக்கு. இதை மட்டும் சொருகாம இருந்தா எல்லாமே கிடைச்சிருக்கும். பணம் கட்டினாலும் இவனுங்க திறக்க மாட்டானுங்க, அந்த நினைப்பே வேண்டாம்." மறுபடி ஒரு பெருமூச்சு. "யாரு சொருகினது?"

நாலு நாற்பதுக்குத் தங்கை கண் மருத்துவமனையில் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணிக்குக் கண்ணில் மருந்து விட்டிருந்தார்கள். அது தங்கைக்குத் தெரியும், மனைவிக்குத் தெரியும். மனைவி தரையைப் பார்த்தாள். தங்கை திரும்பி ஹாலிலிருந்த சாவிப் பலகையைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். ஒரு நிமிடம் இருக்கும். சொல்லிவிடுவதற்கு அது தாராளமான நேரம்.

"நான்தான் சொருகினேன்," என்றாள் தங்கை.

மனைவி நிமிர்ந்தாள். ஜாக்கிரதைக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சில் அவர் மெக்கானிக்கிடம் சொன்னார்: "எவ்வளவு சொன்னாலும் கேக்க மாட்டாங்க சார்."

"வீட்டுக்கு வீடு இதே கதைதான்," என்றார் மெக்கானிக். சுவரில் இருந்த சார்ட் அட்டையைப் பார்த்து, ஏழில் எதுவாயிருந்தாலும் போதும் சார், ஏதாவது ஒண்ணைப் போட்டிருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். மனைவி அன்று முழுக்கப் புருஷனிடம் பேசவில்லை. தங்கை பேசினாள். சாப்பிட வா, துண்டு காயுது, விளக்கை அணைச்சிடு. குரலில் ஒரு மாற்றமும் இல்லை, அதுதான் அவரைக் கொன்றது.

வெள்ளிக்கிழமை அவர் வேலையிலிருந்து திரும்பியபோது மனைவி வாசலிலேயே சொன்னாள். "பதிப்பகத்துக்குப் போன் பண்ணினா. அடுத்த ஆளை எடுத்துக்கிட்டாங்களாம். 'சரிங்க, சரிங்க'ன்னு ரெண்டு தடவ சொல்லிட்டு வச்சுட்டா. அப்புறம் கடைக்குப் போய்ட்டு வந்தா."

உள்ளே துளை போடுகிற சத்தம் கேட்டது. தங்கை தன் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, முட்டி போட்டு, கதவின் உட்பக்கத்தில் ஒரு இரும்புத் தாழ்ப்பாளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். முழ நீளம், கனமானது. பென்சிலால் அளந்து கோடு போட்டிருந்தாள், கணக்கு டீச்சர் அல்லவா. மூன்று திருகாணி உள்ளே போயிருந்தது. நாலாவது அவள் உதடுகளுக்கு நடுவே இருந்தது.

உள்தாழ்ப்பாள் இருந்தால் தீப்பிடிக்கும்போது வெளியிலிருந்து திறக்க முடியாது, மாற்றுச் சாவிக்கு அர்த்தமே இல்லை. அது அவருக்கு மனப்பாடம், மாதம் தவறாமல் ஐந்நூறு பேருக்கு ஒப்பிக்கிறவர். வாயைத் திறந்தார்.

தங்கை திருகாணியை எடுத்துத் துளையில் வைத்தாள். "தள்ளி நில்லு அண்ணா. தூள் விழுது."

மரத்தூள் அவருடைய வெறும் பாதத்தின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அவர் காலை நகர்த்தவில்லை. அவள் முடுக்கி முடித்து, எழுந்து, கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் ஒருமுறை போய் விழுந்தது. சரியாக விழுகிறதா என்று அவள் அதை இழுத்து, மறுபடியும் போட்டுப் பார்த்தாள்.