குழாயடியில் முதலாளி

செவ்வாய்க்கிழமை இறந்துபோன சாயப்பட்டறை முதலாளி, வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு, பட்டறையின் கழிவுநீர்க் குழாய் ஆற்றில் விழும் இடத்தில் முழங்கை நீள மீனாக வந்து நின்றார். நெற்றியில், உயிரோடு இருந்தபோது அவருக்கு இருந்த அதே தழும்பு. இருபத்திரண்டு ஆண்டுகள் சாயத்தண்ணீரை அந்தக் குழாய் வழியாகவே ஆற்றில் விட்டவர் என்பதால், கர்மம் அவரை இங்கே அனுப்பியதில் யாருக்கும் வியப்பில்லை. நிர்வாகத்தை ஏற்ற தம்பிக்கு மட்டும் சந்தேகம்: சுத்திகரிப்புத் தொட்டி கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள் எங்கிருந்தோ பிடித்து, தழும்பு கீறி விட்ட மீன் இது. தொழிலாளர்களுக்கோ தம்பி மீனை ஏதாவது செய்துவிடுவார் என்று சந்தேகம்; முறைபோட்டுக் கரையில் காவல் இருந்தார்கள். தம்பி அண்ணியை அழைத்துவந்து காட்டினார். அவர் குனிந்து, பீரோ சாவி எங்கே என்று மீனிடம் கேட்டார். மீன் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“உங்க அண்ணன்தான் தம்பி. கேள்வி கேட்டா இப்படித்தான்.”

“எந்த மீனும் அப்படித்தான் திரும்பும், அண்ணி.”

“முப்பது வருஷம் குடும்பம் நடத்தினது நானா, நீங்களா?”

அதற்குள் பட்டறையில் சாயக்கழிவுத் தொட்டிகள் நிரம்பிவிட்டன. குழாயைத் திறக்காவிட்டால் பட்டறை நிற்கும், அறுபது பேர் வீட்டுக்குப் போகவேண்டும். திறந்தால் மீன் பிழைக்காது. தம்பி திறக்கச் சொன்னார். வால்வுக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“உயிரோட இருந்தப்ப அவர் சட்டையில ஒரு சொட்டு தெறிச்சிருந்தா என் வேலை போயிருக்கும். இப்ப மொத்தமா ஊத்தச் சொல்றீங்களே, சின்ன முதலாளி.”

தம்பி தானே போய் வால்வைப் பிடித்தார். சுற்றக் கை வரவில்லை. வெறும் மீன் என்றால் சரி, அண்ணனாகவே இருந்துவிட்டால்? பட்டறையை நிறுத்தி, அறுபது பேரையும் சம்பளத்தோடு வைத்துக்கொண்டு, அவர்களைக் கொண்டே சுத்திகரிப்புத் தொட்டியைக் கட்டி முடித்தார். இரண்டு மாதம் ஆயிற்று.

ஆறு ஆண்டுகள் தெளிந்த தண்ணீரில் இருந்துவிட்டு, மீன் வயதாகி இறந்தது. அடுத்த பிறவி எங்கே என்று தகவல் இல்லை. பத்து மாதம் கழித்துப் பெண் தொழிலாளர் வீடுகளில் ஒரே வாரத்தில் நான்கு குழந்தைகள் பிறந்தன. தம்பி ஒவ்வொரு தொட்டிலாகப் போய் உற்றுப் பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை. ஆகவே நான்கு தாய்மாருக்கும் ஆறு மாத விடுப்பு கொடுத்து, பட்டறைக்குள்ளேயே காற்றோட்டமான குழந்தைகள் அறையும் கட்டினார். பிறவி தாமதமாகவும் வரலாம் என்பதால் பின்னால் பிறந்தவர்களையும் சேர்த்துக்கொண்டார். இப்போது காலையில் தாய்மார்கள் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அலுவலக வழியாகப் போகும்போது, தம்பி நாற்காலியை விட்டு எழுந்து நிற்கிறார். பெண் குழந்தைகளுக்கும் எழுகிறார். கடைசிக் குழந்தை கடந்துபோனதும் உட்கார்ந்து வேலையைப் பார்க்கிறார்.