துளையில் ஊற்றிய குடம்

திரேஸ்புரத்தில் கடலுக்கு முந்தின தெரு அது. மழைக்காலத்தில் பத்து நாள் முழங்கால் தண்ணீரில் கிடக்கும். புதுச் சாக்கடைக் குழாய் பதிக்குமுன் மண்ணைப் பார்க்க வேண்டுமென்று அங்கே பத்து மீட்டர் துளை போட்டோம். போட்டதோடு வேலை முடியாது. உள்ளே இரும்புக் குழாயை இறக்கி ஒரு நாள் சும்மா விட்டு, ஊறிய தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதென்று மறுநாள் அளவு நாடா இறக்கிப் பார்த்து எழுத வேண்டும். மற்றவர்கள் மிஷினோடு அடுத்த இடத்துக்குப் போய்விட்டார்கள். காவலுக்கு நான். வீட்டில் எனக்காகக் காத்திருக்க ஆள் இல்லை என்பதால் இந்த வேலை எப்போதும் எனக்குத்தான்.

அந்தத் தெருவில் என்னிடம் பேசியவள் எதிர்வீட்டு ஜெயசெல்வி ஒருத்திதான். காலையில் டீயோடு வந்து சாப்பிட்டாச்சா என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்வதுதான் அன்றைக்கு என் முதல் பேச்சு. துளையில் தண்ணீர் கிடைத்ததா என்றும் கேட்டிருந்தாள். கிடைத்தது என்றேன். எதற்குக் கேட்டாள் என்று யோசிக்கவில்லை.

மறுநாள் காலை முகம் கழுவிவிட்டு வந்து நாடாவை இறக்கினால் அறுபது சென்டிமீட்டரிலேயே நனைந்தது. முந்தின சாயங்காலம் இரண்டு மீட்டருக்குக் கீழே நின்ற தண்ணீர். குழாய் வாயெல்லாம் ஈரம். ஜெயசெல்வி வெறுங்குடத்தோடு சிரித்துக்கொண்டு நின்றாள்.

“கோயில் தீர்த்தம் கலந்து ஊத்தியிருக்கேன் அண்ணாச்சி. புது போருக்கு மொதத் தண்ணி நம்ம குடுக்கணும்லா. அப்பந்தான் வத்தாம ஊறும்.”

இன்ஜினியர் பெனிஸ்டன் போனில் கூப்பிட்டார். ஒரு மீட்டருக்குள்ளேயே தண்ணீர் நின்றால் பள்ளம் தோண்டுவது கஷ்டமென்று அந்தத் தெருவுக்குக் குழாய் போடாமல் இப்போதைக்கு ஒதுக்கிவிடுவார்கள் என்று முன்பே சொல்லியிருந்தார். அறுபது என்று சொல்லிவிட்டால் நான் மதியமே கிளம்பலாம். அவளும் சிரித்த முகத்தோடு அனுப்பி வைப்பாள். தெருதான் அடுத்த மழைக்கும் மூழ்கும்.

நடந்ததைச் சொன்னேன். குழாயிலிருக்கும் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றிவிட்டு இன்னும் ஒரு நாள் இருக்கச் சொன்னார்.

நான் மொண்டு ஊற்றுவதைப் பார்த்து அவள் ஓடிவந்தாள்.

“இது குடிதண்ணிக்கு இல்ல தாயி. சாக்கடை போட மண்ணு பாக்கோம்” என்றேன்.

“நேத்தே சொல்லியிருக்கலாம்லா. தெரு பூராஞ் சொல்லிட்டேனே.”

அதற்குள் பக்கத்து வாசலிலிருந்து ஒருத்தி கேட்டாள்: “ஏளா, சாக்கடைக்கா தீர்த்தம் வச்ச?”

பெண்கள் சிரித்தார்கள். ஜெயசெல்வி குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அன்று நான் வாய் திறக்கவில்லை. திறக்கத் தேவையும் வரவில்லை.

மறுநாள் நாடா இரண்டு மீட்டர் பத்தில் நனைந்தது. இரண்டு தடவை பார்த்துவிட்டுத் தாளில் எழுதினேன். அவளிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. கதவைத் தட்டினேன். பாதிதான் திறந்தாள்.

“தண்ணி கீழதான் நிக்கி. உங்க தெருவ ஒதுக்க மாட்டாக.”

“சரி” என்றாள். கதவு மூடிக்கொண்டது.

மதியம் வேன் வந்தது. அண்ணாச்சிக்கு ரெண்டு நாளும் நல்ல ஓய்வுபோல என்றான் டிரைவர். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஏறிக் குழாய்களுக்கு நடுவே உட்கார்ந்தேன்.