நாலு விரல் படம்

இடது முழங்கால் காலையிலிருந்தே குத்திக்கொண்டிருந்தது. முப்பத்தொரு வருடம் ஈரச் சிமெண்டுத் தரையில் நின்று மீன் அறுத்த கால். அருங்காட்சியகத்தின் பளிங்குப் படிகளுக்கு அது மரியாதை தரவில்லை.

"ஏண்டி போடில், உன் மூஞ்சியப் பார்க்க நூறு குரோனர் குடுத்திருக்கேன். ஆலையில எதிர்மேசையில நின்னு சும்மாவே பார்த்தேனே!" என்றாள் யூட்டே.

படம் மூன்றாவது அறையில் இருந்தது. வெள்ளைத் தாளில் கறுப்பு மை, மொத்தமே பத்துப் பன்னிரண்டு கோடு. தலைத்துணி, மூக்கு, கன்னத்தில் ஊன்றிய கை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலில் ப்ரேபென் என்ற ஓவியர் எங்கள் துறைமுக ஆலைக்கு வந்து என்னை வரைந்தார், பிறகு பலகையில் செதுக்கி அச்சடித்தார். கீழே அட்டை: 'பெயர் தெரியாத மீனவப் பெண். கடலை ஏக்கத்துடன் நோக்குகிறாள்.'

நான் படகில் ஏறியதே இல்லை. நோக்கியது சுவர்க் கடிகாரத்தை. இடைவேளை முடிய நாலு நிமிடம் இருந்தது. ஈரல் மசியல் தடவிய என் ரொட்டியை ஓவியர் தின்றுகொண்டிருந்தார்.

அட்டையில் என் பெயரைப் போடச் சொல்லத்தான் வந்திருந்தேன். வேறொன்றும் வேண்டாம்.

காப்பாளர் மிக்கெலுக்கு முப்பது வயதிருக்கும். மீன் செதில் ஒட்டியே பார்த்திராத கைகள்.

"நீங்கதான்னு எப்படிம்மா நம்புறது? இதுல முகமே இல்லையே. அதான் இதோட அழகு. யாரா வேணா இருக்கலாம்."

"யாரா வேணா இருக்கலாம் தம்பி. ஆனா நான்தான் இருக்கேன்."

அவர் படத்தின் கையைச் சுட்டினார். "இங்க பாருங்க, நாலே விரல். அஞ்சாவதத் தூக்கிட்டார். தேவையில்லாதத நீக்குற துணிச்சல்! இதப் பத்தி மட்டும் நாப்பது பக்கம் எழுதியிருக்கேன்."

யூட்டே சிரிப்பை இருமலாக்கினாள். நான் கையுறையைக் கழற்றி, படத்தில் இருப்பதுபோலவே கன்னத்தில் கையை ஊன்றினேன்.

"அவர் நீக்கல தம்பி. அவர் வர்றதுக்கு மூணு வருஷம் முந்தியே மீன் தோலுரிக்கிற மெஷின் நீக்கிருச்சு. அதுக்குத் துணிச்சல் இன்னும் ஜாஸ்தி."

மிக்கெல் கையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார். அந்த முகத்தில் துக்கம் தெரிந்தது. என் விரலுக்காக அல்ல, நாற்பது பக்கத்துக்காக.

"மேல பேசிட்டு எழுதுறேம்மா."

எழுதினார். மூன்று வாரத்தில் நன்றிக் கடிதம், கூடவே இரண்டு இலவச நுழைவுச்சீட்டு. பெயர் போட்டால் படம் ஒருத்திக்கு மட்டும் என்று சுருங்கிவிடும் என்று மேலே கருதினார்களாம். முழங்காலை இழுத்துக்கொண்டு மறுபடி போனோம். புது அட்டை மாட்டியிருந்தார்கள்: 'பெயர் தெரியாத மீனவப் பெண். உழைப்பில் ஒரு விரலை இழந்தவள். கடலை ஏக்கத்துடன் நோக்குகிறாள்.'

"போன விரலுக்கு எடம் குடுத்துட்டாங்க. மிச்சமிருக்கிற ஆளுக்குத்தான் இல்ல" என்றாள் யூட்டே.

ப்ரேபென் செத்துப்போனார், ரொட்டியை மன்னித்துவிட்டேன். அருங்காட்சியகம் எனக்கு இன்னும் தர வேண்டிய பாக்கி ஒரு பெயர்: போடில் தைகெசன்.